நாற்பத்து மூன்று மணி நேர ஜெர்மன்காரர்

வெங்கட்ராமன் ஆல்டன்ஃபெல்ட்டில் இருந்தது மொத்தம் நாற்பத்து மூன்று மணி நேரம். 2017 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வாடகைக் காரில் போய் இறங்கினார். 19ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதே காரில் கிளம்பிவிட்டார். இதில் தூக்கத்துக்குப் பதினாறு மணி நேரம் போயிற்று. மிச்சம் இருந்த இருபத்தேழு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆறு வருஷத்துக்கு மேல் ஓயாமல் பேசினார் என்றால், அதற்கு நாக்கு மட்டும் போதாது. வெட்கமும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

ஆல்டன்ஃபெல்ட் தென் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னப் பண்ணை ஊர். அடிலெய்டிலிருந்து நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர் வடக்கே. ஜனத்தொகை 412. ஐரோப்பாவில், சிலேசியாவில், ராஜாவோடு ஜெப முறை விஷயத்தில் பிணங்கிக்கொண்டு கப்பலேறிய முப்பத்தெட்டு ஜெர்மன் குடும்பங்கள் 1851இல் உண்டாக்கிய ஊர். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, ஒரு மதுக்கடை, ஒரு கூட்டுறவுச் சங்கம். சுற்றிலும் ஓட்ஸ் வயல். மணி முற்றுவதற்கு முன்னால் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, கட்டுக்கட்டாக இறுக்கிக் கன்டெய்னரில் ஏற்றி வளைகுடாவுக்கு அனுப்புகிறார்கள். இங்கே மாடும் ஒட்டகமும் அதைத் தின்கின்றன. ஷார்ஜாவில், சஜா பகுதியில் இருக்கும் ஒரு தீவன யார்டு அந்த ஊர்ச் சரக்கை வாங்குகிறது. வெங்கட்ராமன் அந்த யார்டின் கொள்முதல் மேனேஜர்.

திருச்சி தில்லைநகரில் 1979 ஜூன் 30 அன்று பிறந்தவர். 2004இல் துபாய் வந்தார். அங்கே தேரா பகுதியில் ஒரு மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் பில் அடித்தார். ஒரு ரூமில் ஆறு பேர். 2009இல் தீவனக் கம்பெனிக்கு மாறினார். மேலே இருந்த மேனேஜர் கனடாவுக்குப் போய்விட, 2016இல் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. அதுவரை அவர் ஓட்ஸைப் பார்த்தது டப்பாவில்தான்.

அந்த இருபத்தேழு மணி நேரத்தில் அவர் கண்ட பெரிய காட்சி ஒரு மேஜை. சாலையோரம், ஆளில்லாமல், மேலே முட்டை அட்டைகள், பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா. வேண்டியவர் முட்டையை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதைப் பார்த்து வெங்கட்ராமனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஜெர்மன்காரன் பொய் சொல்ல மாட்டான் என்ற முடிவுக்கு அங்கேயே, காருக்குள் உட்கார்ந்தபடியே வந்துவிட்டார். அந்த முட்டை மேஜையை வைத்திருந்தவர் பிலிப்பைன்ஸிலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு நர்ஸ். பெயர் அட்டையில் எழுதித்தான் இருந்தது. வெங்கட்ராமன் இறங்கிப் போய்ப் படிக்கவில்லை.

திரும்பி வந்த நாளிலிருந்து யார்டில் ஒரே ஜெர்மன் புராணம். சரக்கு இறக்கும் பாகிஸ்தான் பட்டான் லோடர்கள் ஒரு கட்டைச் சாய்த்து வைத்தால், "ஜெர்மன்காரனா இருந்தா நூல் பிடிச்சு அடுக்குவான்" என்பார். டீ குடிக்க ஐந்து நிமிஷம் கூடினால், "அங்க டீ டைம்னா மணி அடிச்ச மாதிரி" என்பார். அவருடைய கார் கேட்டுக்குள் நுழைந்ததும், "ஜெர்மன் சாப் ஆகயா, யல்லா யல்லா" என்று, துரை வந்தாச்சு, கையை வேகமாகப் போடு என்கிற மாதிரி, லோடர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வரும் ஒவ்வொரு கன்டெய்னரிலும் மூன்று இடத்தில், வாசல் பக்கம், நடு, உள்கோடி, ஈரம் அளக்க வேண்டும். கைப்பிடியில் முள் வைத்த நீளமான எஃகுக் கம்பியைக் கட்டுக்குள் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். யார்டில் அதற்குப் பெயர் ஊசி. பதினான்கு சதவீதத்துக்கு மேலே போனால் ஆபத்து. ஈரத்தோடு இறுக்கிய புல் உள்ளுக்குள்ளேயே சூடாகும், கருகும், சில சமயம் தானாகத் தீப்பிடிக்கும். 2006 முதல் ஊசி பிடித்துப் பதிவேட்டில் எழுதி வந்தவர் அகமது கபீர். கீழக்கரைக்காரர், வயது ஐம்பத்தேழு. பதினாறு வருஷத்தில் அவர் எழுதியதில் ஓர் எண்கூட அடித்துத் திருத்தப்பட்டது இல்லை. மாதாமாதம் அந்தப் பக்கங்களின் நகல் ஆல்டன்ஃபெல்ட் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

2022 செப்டம்பர் 12, திங்கட்கிழமை, வெங்கட்ராமன் ஒரு மெமோ போட்டார். ஆல்டன்ஃபெல்ட் சரக்குக்கு இனி ஊசி வேண்டாம். மற்ற ஊர்ச் சரக்குக்கு மட்டும் போதும். கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு.

கபீர் மெமோவை இரண்டு தரம் படித்தார்.

"சார், ஊசிக்கு ஜெர்மனும் தெரியாது, பாகிஸ்தானும் தெரியாது. குத்துனா காட்டும், அம்புட்டுதான்."

"கபீர், அவங்க சரக்கைக் குத்திப் பாக்கறதே அவங்களை அவமானப்படுத்தற மாதிரி. அந்த ஊரை நான் நேர்ல பாத்தவன்."

"நான் புல்லைப் பாத்தவன் சார்."

"கலாஸ், முடிஞ்சுது. எழுதிக் குடுத்தாச்சு இல்ல?"

கபீர் மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சங்கத்துக்கு மாதம் ஒரு வரிதான் போயிற்று. 'எல்லாம் பிரமாதம்.' அதை அனுப்பியவர் வெங்கட்ராமன்.

அடுத்த குளிர்காலத்தில் சில கட்டுகள் பழுப்பாக வந்தன. புகையிலை வாசனை அடித்தது. சூடேறிய புல்லின் வாசனை அது. யார்டில் ஒரு வருஷம் நின்றவனுக்குத் தெரியும். வெங்கட்ராமன் நின்றதில்லை. "அது அந்த மண்ணோட வாசனை" என்றார். தைத் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஒட்டகக்காரர் போன் செய்து, தன் ஒட்டகம் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது என்றார். ஒட்டகத்துக்கு உயர்ந்த சரக்குப் பழக்கமில்லை என்று பதில் போயிற்று.

இந்தப் பக்திக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு இல்லாமல் இல்லை. வளைகுடாவில் இருப்பவனுக்குத் தெரியும், வேலை போன மறுமாதம் விசா போய்விடும். தில்லைநகருக்குத் திரும்புவதாக வெங்கட்ராமனுக்கு உத்தேசமே இல்லை. ஆஸ்திரேலியா போய்விட வேண்டும். சங்கம் தனக்கென்று ஒரு வளைகுடா விற்பனை அதிகாரியை ஆல்டன்ஃபெல்ட்டிலேயே அமர்த்தப் போவதாக 2023இல் தகவல் வந்தது. சங்கம் ஒரு நியமனக் கடிதம் கொடுத்தால் குடும்பத்தோடு விசா. ஆனால் நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் கிடைத்தாக வேண்டும். அதாவது 2024 ஜூன் 30க்குள். அதற்குப் பிறகு கடிதம் வந்தாலும் வெறும் காகிதம்தான்.

கிடைத்துவிட்டது என்றே நடந்துகொண்டார். மனைவி பிருந்தாவிடம் சொல்லி, மகள் நிவேதாவின் பள்ளியில் ஏப்ரலுக்கு மேல் இடம் வேண்டாம் என்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுக்க வைத்தார். நிவேதா ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் இடத்துக்குக் காத்திருந்தவர்கள் இருநூறுக்கு மேல்.

"கடிதம் கைக்கு வரட்டுமேங்க" என்றாள் பிருந்தா.

"அவங்க சொன்னா சொன்னதுதான். உனக்குத் தெரியாது."

"யாருமே இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"ஆல்டன்ஃபெல்ட் ஸ்கூல் எப்பிடித் தெரியுமா? ஒவ்வொரு டெஸ்க்கும்…"

"அங்க ஸ்கூல் 2011லயே மூடிட்டாங்க. நெட்ல போட்டிருக்கு. பக்கத்து ஊருக்கு பஸ்ல போகணும்."

வெங்கட்ராமன் அன்று சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று எழுந்துவிட்டார்.

அதற்கு முந்தைய மாதமே, டிசம்பர் 20 அன்று, சங்கத் தலைவியிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. பெயர் ஹெலன் லிண்ட்னர், தானும் ஓட்ஸ் போடும் பண்ணைக்காரி. மெயில் நான்கு வரி. பிப்ரவரி 14 அன்று ஷார்ஜா வருகிறேன். யார்டைப் பார்க்க வேண்டும். ஆல்டன்ஃபெல்ட் சரக்கின் ஈரப் பதிவேட்டை முழுவதும் பார்க்க வேண்டும். பதவி விஷயத்தை நேரில் பேசலாம்.

வெங்கட்ராமன் முதல் வரியையும் நான்காவது வரியையும் படித்தார்.

ஏற்பாடுகள் ஆறு வாரம் நடந்தன. நூற்றிருபது கட்டுகளை அடுக்கி, கறுப்பு, சிவப்பு, பொன்னிறத் துணி போர்த்தி, பதினெட்டு அடி அகலத்தில் ஒரு ஜெர்மன் கொடி. கேட்டில் ஜெர்மன் மொழியில் நல்வரவு பேனர். ஒலிபெருக்கியில் ஜெர்மன் பேண்டு வாத்தியம். துபாயின் சத்வாவில் ஒரு தையல்காரரிடம் ஜெர்மன்காரன் படத்தைக் காட்டிப் பச்சை நிறத்தில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டார், கொம்புப் பித்தான் வைத்து. தையல்காரர் கல்யாணத்துக்கா என்று கேட்டாராம்.

பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை பகல், அச்சடித்து ஃபைலில் வைக்கலாம் என்று அந்த மெயிலைத் திறந்தபோதுதான் மூன்றாவது வரி கண்ணில் பட்டது. ஈரப் பதிவேடு. பதினேழு மாதமாக ஆல்டன்ஃபெல்ட் கன்டெய்னர் ஒன்றைக்கூடக் குத்தியதில்லை.

வேறொரு மனிதராக இருந்தால் உட்கார்ந்து உண்மையை ஒரு மெயிலாக எழுதியிருப்பார். வெங்கட்ராமன் கபீரைக் கேட்டில் பேனர் கட்ட அனுப்பிவிட்டு, ஆல்டன்ஃபெல்ட் சரக்குக்கான பதிவேட்டை எடுத்து வந்து கதவைத் தாழிட்டார். கப்பல் பட்டியல்களை ஒரு பக்கம் பரப்பினார். பதினேழு மாதத்தில் ஆல்டன்ஃபெல்ட் கன்டெய்னர்கள் 214. ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு, ஆக 642. பகல் 1.10க்கு ஆரம்பித்து 4.35க்கு முடித்தார். ஓர் எண்ணுக்குப் பத்தொன்பது வினாடி. கபீர் ஒரு கட்டைக் குத்தி, முள் நிற்கும்வரை காத்திருந்து எழுத மூன்று நிமிஷம் ஆகும். பேனாவை நான்கு முறை மாற்றினார் வெங்கட்ராமன். அது மட்டும் கெட்டிக்காரத்தனம். பன்னிரண்டைத் தாண்டாமல், பதினொன்றுக்குக் கீழே போகாமல் எழுதிக்கொண்டே போனபோது, தான் இல்லாததை எழுதுவதாகவே அவருக்குத் தோன்றவில்லை. குத்திப் பார்த்திருந்தால் இதுதானே வந்திருக்கும் என்று தோன்றிற்று. அந்த ஊர்மேல் இருந்த நம்பிக்கையை ஒரு தசம சுத்தமாக எழுதி வைக்கிறார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை 9.40க்கு ஹெலன் லிண்ட்னர் வந்தார். வயது அறுபத்தொன்று. வெயிலில் காய்ந்த கை, தட்டைச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. பேண்டு வாத்தியம் முழங்கியது. பச்சைக் கோட்டில் வெங்கட்ராமன் குனிந்து, மனப்பாடம் செய்த மூன்று ஜெர்மன் வாக்கியங்களைச் சொன்னார்.

"மன்னிக்கணும், எனக்கு ஜெர்மன் தெரியாது" என்றார் ஹெலன் ஆங்கிலத்தில்.

"மேடம், உங்கள் தாய்மொழி…"

"என் தாய்மொழி இங்கிலீஷ். முதல் உலகப் போரில் எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பதினாறு மாதம் முகாமில் அடைத்து வைத்தார்கள், ஜெர்மன் பேசினார் என்று. ஊரின் பெயரையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெயர் திரும்பி வர ரொம்ப வருஷம் ஆயிற்று. வீட்டில் அந்த மொழி அப்போதே நின்றுவிட்டது." கொடியை ஒருமுறை பார்த்தார். "பெரிதாகத்தான் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துவீர்களா?"

கபீர் போய் நிறுத்தினார்.

கொடியின் பக்கத்தில் போய், துணியை விலக்கி, ஒரு கட்டுக்குள் முழங்கை வரை கையை நுழைத்தார் ஹெலன். ஒரு பிடி புல்லை இழுத்து மோந்தார். பிறகு பதிவேட்டைக் கேட்டார்.

மேனேஜர் அறையில் மேஜைமேல் பதிவேடு. ஹெலன் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணிப்பையிலிருந்து தன்னுடைய பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒரு விரல் அங்கே, ஒரு விரல் இங்கே என்று வரி வரியாக இறங்கினார். வெங்கட்ராமன் எதிரே நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜூஸ் வேண்டுமா என்று கேட்டார். கபீர் வாசலில் நின்றார். அரை மணி நேரம் கழித்து விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதை யார் அளந்தது?"

"நானே, மேடம். உங்கள் ஊர்ச் சரக்கை நான் வேறு யாரிடமும் விடுவதில்லை."

"மூன்று இடத்திலும்?"

"மூன்று இடத்திலும். பதினொன்று புள்ளி இரண்டு, பதினொன்று புள்ளி மூன்று, பதினொன்று புள்ளி இரண்டு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே சிறந்த கன்டெய்னர் இதுதான்."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கப்பலே ஏறவில்லை, மிஸ்டர் வெங்கட். போன நவம்பர் ஒன்பதாம் தேதி எங்கள் ஊரிலேயே, ஏற்றி வைத்த இடத்திலேயே எரிந்துபோயிற்று. பக்கத்திலிருந்த ஷெட்டும் போயிற்று. அது என் ஷெட்."

கப்பல் பட்டியலை முதலில் அனுப்பிய சங்கம் இரண்டு நாள் கழித்து அந்தக் கன்டெய்னரின் எண்ணை நீக்கித் திருத்திய பட்டியலும் அனுப்பியிருந்தது. அந்த மெயில் வெங்கட்ராமனின் பெட்டியில் இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது.

"டைப்பிங் மிஸ்டேக்…" என்று ஆரம்பித்தார் அவர். பதிவேடு கையால் எழுதியது.

"எங்களில் யாரோ ஈரத்தோடு கட்டுகிறார்கள்" என்றார் ஹெலன். குரல் ஏறவில்லை. "நாற்பத்தொரு பண்ணை. ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். தேவாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியையும் குத்திப் பார்க்கிற யார்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இந்தப் பதிவேட்டை வைத்து யார் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை தூரம் வந்தேன்." வாசல் பக்கம் திரும்பினார். "முன்னால் எழுதியது நீங்களா?"

"ஆமா மேடம்."

"ஏன் நிறுத்தினீர்கள்?"

கபீர் வெங்கட்ராமனைப் பார்த்தார். வெங்கட்ராமன் கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினார். கபீருக்குக் கண் பாஷை படிக்கும் பழக்கம் இல்லை. உள்ளே வந்து, பர்ஸிலிருந்து நான்காக மடித்த மெமோவை எடுத்து மேஜைமேல் விரித்துவிட்டு, மறுபடி வாசலுக்கே போய் நின்றார். ஹெலன் அதைப் படித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார். 11.25க்கு டாக்ஸி வந்தது.

"சங்கம் என்ன நினைக்கும்…" என்று காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார் வெங்கட்ராமன்.

"சங்கத்திடம் சொன்னால்தான் தெரியும்" என்றார் ஹெலன். "கோட்டு நன்றாகத் தைத்திருக்கிறார்கள்."

ஐந்தாம் நாள் மெயில் வந்தது. இந்த முறை வெங்கட்ராமன் எல்லா வரியையும் படித்தார், இரண்டுதான் இருந்தன. உபசரிப்புக்கு நன்றி. அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து யாரையும் எடுப்பதாக இல்லை. கபீருக்குத் தனியாக வேறொரு மெயில் வந்திருந்தது, ஊசியை மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டு. மேனேஜர் அனுமதித்தால் முடியும் என்று கபீர் பதில் போட்டார். மேனேஜர் அனுமதித்தார். யார்டின் அரபு முதலாளியான அர்பாப் காதுக்கு விஷயம் போகாமல் இருந்தால் போதும் அவருக்கு. அர்பாப் யார்டுக்கு வருவது வருஷத்தில் இரண்டு நாள்.

அந்த வாரமே வெங்கட்ராமனின் பேச்சு திரும்பிவிட்டது. ஆல்டன்ஃபெல்ட்காரர்கள் அசல் ஜெர்மன் இல்லையாம். அசல் ஜெர்மன் ஜெர்மனியில்தான் இருக்கிறானாம். இவர்கள் கலந்துபோனவர்கள், பாஷையே மறந்தவர்கள், ஒரு கொடியைப் பார்த்து உள்ளம் பூரிக்கத் தெரியாதவர்கள். லோடர்களுக்கு இதில் ஒரு வருத்தம்தான். நல்ல பட்டப்பெயர் ஒன்று வீணாகப் போயிற்று.

வீட்டில் மட்டும் பேச்சு அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. மெயில் வந்த சாயங்காலம் பிருந்தா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கபீர் பாய் வீட்டம்மா எங்கிட்ட எல்லாம் சொன்னாங்க. நீங்க எழுதினீங்களா, இல்லையா?"

"எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதான். ஃபார்மாலிட்டி."

"நெருப்புல போன பொட்டிக்குமா ஃபார்மாலிட்டி?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நிவேதா ஸ்கூலுக்கு நீங்க போய்ச் சொல்லுங்க. நான் எழுதிக் குடுத்ததை நீங்க போய்த் திரும்ப வாங்குங்க."

அவர் போகவில்லை. மீட்டிங் இருந்தது. பிருந்தா மூன்று நாள் போனாள். முதல் நாள் வரவேற்பறையோடு சரி. இரண்டாம் நாள் பிரின்ஸிபாலின் உதவியாளர், இடம் போன வாரமே நிரம்பிவிட்டது என்றார். மூன்றாம் நாள் பிரின்ஸிபாலே வெளியே வந்து, வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஏழு பள்ளிகளுக்கு மனுப் போட்டார்கள். அஜ்மானைத் தாண்டி, உம்முல் குவைன் எல்லையில் ஒரு பள்ளியில் மார்ச் 28 அன்று இடம் கிடைத்தது.

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, வெங்கட்ராமனுக்கு நாற்பத்தைந்து முடிந்தது. கேக் வாங்கினார்கள். அதற்குள் அவர் கண் கனடாமேல் விழுந்திருந்தது. அங்கே உக்ரைனிலிருந்து போனவர்கள் உண்டாக்கிய பண்ணை ஊர்கள் இருக்கின்றனவாம், சொன்ன சொல் மாறாத ஜனங்களாம்.

நிவேதாவின் பஸ் காலை 5.50க்கு வருகிறது. பிருந்தா கீழே போய் ஏற்றிவிட்டு வருகிறாள். வெங்கட்ராமன் எழுந்திருப்பது 7.15க்கு.